குணமடைந்தோர் செலுத்திய நன்றி

நோய் தீர்ந்தவர் கடவுளின் சந்நிதிக்குத் திரும்பி வந்து நன்றி செலுத்துவது கிறிஸ்தவத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. வேளாங்கண்ணியில் வெள்ளியால் செய்த கை, கால் உருக்களைச் செலுத்துவோரும், தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்போரும், ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வோரும் இந்த மரபில் வந்தவர்களே. கத்தோலிக்கர் இதை நேர்ச்சை என்பர். சீர்திருத்தச் சபையார் பொருத்தனை என்பர். எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தில் வேர்கொண்ட இந்த வழக்கம், இயேசுவின் காலத்தில் புது வடிவம் பெற்று, மறைசாட்சியரின் கல்லறைகள், இடைக்காலத் திருத்தலங்கள், மருத்துவமனைகள் வழியாக இன்றுவரை வந்திருக்கிறது. வழி நெடுகிலும் ஒரு கேள்வி இதைத் தொடர்ந்தது: குணம் கடவுளின் கொடை என்றால், மனிதர் பதிலுக்குத் தருவது விலையா, நன்றியா? ஒவ்வொரு காலமும் இக்கேள்விக்குத் தந்த விடையே இந்த வழக்கத்தின் வரலாறு.

பலிபீடத்தின் முன்

எபிரேயத் திருமறையின் லேவியர் நூல் 13, 14 ஆம் அதிகாரங்கள் தொழுநோய் பற்றிய விதிகளை விரிவாகத் தருகின்றன. அங்குப் பேசப்படும் நோய் இன்று மருத்துவம் தொழுநோய் என்று குறிப்பிடும் ஒன்று மட்டுமல்ல. தோலில் தோன்றும் பலவகைப் படைகளும் வெண்திட்டுகளும் அதில் அடங்கின. ஆடைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படரும் பூஞ்சை போன்ற கறைகளுக்கும் அதே விதிகள் பொருந்தின. நோய் கண்டவர் ஊருக்கு வெளியே வாழவேண்டும். கிழிந்த உடையும் கலைந்த தலைமுடியுமாக, தாம் தீட்டுள்ளவர் என்று கூவி அறிவிக்கவேண்டும். எனவே அவருக்கு நோய் தீர்வது என்பது உடல் தேறுவது மட்டுமன்று. குடும்பத்தையும் ஊரையும் வழிபாட்டையும் மறுபடி அடைவது.

இதில் குருவின் பங்கு மருத்துவம் செய்வதன்று. ஏற்கெனவே தீர்ந்த நோயைச் சோதித்து உறுதிசெய்து, குணமானவரைச் சமூகத்துக்குள் திரும்பச் சேர்ப்பதே அவர் கடமை. அதற்கான சடங்கு எட்டு நாள் நீண்டது. முதல் நாள் ஊருக்கு வெளியே இரண்டு பறவைகள் கொண்டுவரப்படும். ஒன்றை மண்பாண்டத்து ஊற்றுநீரின் மேல் கொன்று, அதன் இரத்தத்தில் கேதுரு மரக்கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்பு ஆகியவற்றோடு மற்றப் பறவையைத் தோய்த்து, குணமானவர் மேல் ஏழு முறை தெளித்தபின், உயிருள்ள பறவையை வெளியில் பறக்கவிடுவார்கள். எட்டாம் நாள் இரண்டு ஆட்டுக்கடாக் குட்டிகளும் ஒரு பெண் ஆட்டுக்குட்டியும் எண்ணெயில் பிசைந்த மாவும் காணிக்கையாகும். பலியின் இரத்தமும் எண்ணெயும் அவருடைய வலக்காது மடலிலும் வலக்கைப் பெருவிரலிலும் வலக்கால் பெருவிரலிலும் பூசப்படும். இவ்வாறு இரத்தம் பூசுவது குருக்களைத் திருநிலைப்படுத்தும் சடங்கிலும் உண்டு. ஒதுக்கப்பட்டிருந்தவர் குருவுக்குரிய மரியாதையோடு திரும்ப அழைக்கப்பட்டார். ஏழைக்குச் சலுகையும் இருந்தது. அவர் ஓர் ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் கொடுத்தால் போதும்.

பின்னாளில் எருசலேம் ஆலயத்தில் இச்சடங்குக்கென்று தனி இடமே இருந்ததாக யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது. பெண்கள் முற்றத்தின் வடமேற்கு மூலையில் தொழுநோயாளர் அறை இருந்தது.

தொழுநோய்க்கு அப்பால், எந்த ஆபத்திலிருந்து தப்பியவருக்கும் உரியதாக நன்றிப்பலி ஒன்று இருந்தது. லேவியர் 7 ஆம் அதிகாரம் அதன் முறையைத் தருகிறது. பலியின் இறைச்சியோடு புளிப்பற்ற அப்பங்களும் அடைகளும் புளித்த அப்பமும் சேர்த்துப் படைக்கவேண்டும். அதில் ஒரு பங்கு குருவுக்கு. மீதி பலி கொடுத்தவருக்கு. நேர்ச்சைப்பலியின் இறைச்சியை மறுநாளும் உண்ணலாம். நன்றிப்பலியின் இறைச்சியையோ அன்றே உண்டு முடிக்கவேண்டும், விடியும்வரை எதையும் மீதி வைக்கக் கூடாது. ஒரு குடும்பத்தால் ஒரே நாளில் அத்தனையும் உண்டுவிட முடியாது என்பதால், உற்றாரும் அயலாரும் அழைக்கப்பட்டுப் பந்தி வைக்கவேண்டியதாயிற்று. இவ்வாறு தனியொருவரின் நன்றி ஊர் கூடி உண்ணும் விருந்தாயிற்று. குணமான கதையும் அந்தப் பந்தியில் பலர் காதில் விழுந்தது.

திருப்பாடல்கள் பலவும் இந்தச் சூழலுக்குரியவை. 30 ஆம் திருப்பாடலும் 116 ஆம் திருப்பாடலும் சாவின் விளிம்பிலிருந்து மீண்டவரின் குரல்கள். 107 ஆம் திருப்பாடல் நன்றி செலுத்தவேண்டிய நால்வகையினரை வரிசைப்படுத்துகிறது: பாலைவனத்தில் வழி தவறியோர், சிறைப்பட்டோர், நோயுற்றோர், கடற்புயலில் சிக்கியோர். கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் பலிக்கு இடமில்லாமல் போனது. ஆனாலும் இந்த நால்வரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று யூத அறிஞர்கள் தல்மூத் நூலில் வகுத்தனர். சபையின் நடுவே எழுந்து சொல்லப்படும் அந்த நன்றி மன்றாட்டு யூதரிடையே இன்றும் வழக்கில் உள்ளது. 50 ஆம் திருப்பாடல் இதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. காடுகளின் விலங்குகள் எல்லாம் கடவுளுக்கே சொந்தம்; அவர் காளைகளுக்காகப் பசித்திருப்பவரல்லர்; நன்றியே அவர் விரும்பும் பலி என்பது அப்பாடலின் கருத்து.

எலிசா மறுத்த பரிசு

விலையும் நன்றியும் வேறு என்பதை எபிரேய மறைநூலில் மிகத் தெளிவாகக் காட்டுவது நாமானின் வரலாறு. அரசர்கள் இரண்டாம் நூலின் 5 ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. நாமான் சிரியப் படையின் தலைவர்; தொழுநோயாளி. போரில் பிடிக்கப்பட்டு அவர் வீட்டில் பணிசெய்த இஸ்ரயேல் சிறுமி ஒருத்தி இறைவாக்கினர் எலிசாவைப் பற்றிச் சொல்ல, வெள்ளி பத்துத் தாலந்து, பொன் ஆறாயிரம், பட்டாடை பத்து ஆகியவற்றோடு அவர் புறப்பட்டார். எலிசா நேரில் வரவும் இல்லை. யோர்தானில் ஏழு முறை மூழ்குமாறு ஆள் வழியாகச் சொல்லியனுப்பினார். சினந்து திரும்பிய நாமானை அவருடைய வேலையாட்களே தேற்றி ஆற்றில் இறங்கவைத்தனர். உடல் குழந்தையின் உடல்போல் ஆயிற்று.

நாமான் தம் பரிவாரம் முழுவதோடும் எலிசாவிடம் திரும்பி வந்து, கொண்டுவந்த செல்வத்தை நீட்டினார். எலிசா எதையும் பெற மறுத்தார். அதன்பின் நாமான் கேட்டது இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண். இஸ்ரயேலின் கடவுளையே இனி வழிபடுவதற்காக அந்த மண்ணைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டு போனார். அவருடைய நன்றி வாழ்நாள் வழிபாடாக மாறியது. எலிசாவின் பணியாளர் கேகசியோ பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வெள்ளியும் ஆடையும் வாங்கினார். நாமானின் தொழுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. இறைவனின் குணமளிக்கும் ஆற்றல் விற்பனைக்குரியதன்று என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் பகுதி எபிரேய மறைநூலில் இல்லை.

பதின்மரும் ஒருவரும்

இயேசு நாமானை நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நினைவுகூர்ந்ததை லூக்கா நற்செய்தி 4 ஆம் அதிகாரத்தில் பதிவுசெய்கிறது. அதே நூலின் 17 ஆம் அதிகாரத்தில் நாமானின் கதை வேறு உருவில் மீண்டும் நிகழ்கிறது. பத்துத் தொழுநோயாளர் நலம் பெற்ற இந்த நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளுள் லூக்காவில் மட்டுமே உண்டு.

எருசலேமுக்குச் செல்லும் இயேசு சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் ஊருக்குள் நுழைகிறார். பத்துப் பேர் லேவியர் விதிப்படி தொலைவிலேயே நின்று, இரக்கம் காட்டும்படி உரக்கக் கூப்பிடுகிறார்கள். அவர் அவர்களைத் தொடவில்லை. குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டுமாறு மட்டும் சொல்கிறார். நோய் நீங்கியபின் செய்யவேண்டிய சடங்குக்கு, நோயோடு இருக்கும்போதே போகச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி நடந்ததே பதின்மரின் விசுவாசம்; வழியில்தான் நோய் நீங்கிற்று. எனவே மற்ற ஒன்பது பேரும் சட்டத்தை மீறியவர்களல்லர். சொன்ன இடத்துக்கே போனார்கள். குடும்பத்தையும் ஊரையும் திரும்பப் பெறுவதற்கான முறையான வழியும் அதுவே.

ஒருவர் மட்டும் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பி வந்து, இயேசுவின் காலடியில் முகங்குப்புற விழுந்து நன்றி கூறினார். அவர் சமாரியர். அன்றைய சமாரியருக்கும் யூதருக்கும் இடையே ஆழ்ந்த பகை நிலவிற்று. கெரிசிம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளர் யோவான் கிர்க்கான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அழித்திருந்தார். எருசலேம் ஆலயத்தின் உள்முற்றத்திலோ, அயலார் எல்லை தாண்டினால் மரணம் என்று எச்சரிக்கும் கல்வெட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. இயேசு அந்தச் சமாரியரை அயலார் என்றே குறிப்பிடுகிறார். செல்வதற்கு ஆலயம் இல்லாத ஒருவர் நன்றிக்குரிய இடத்தை இயேசுவின் காலடியில் கண்டுகொண்டார்.

மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். ஆயினும் அவர்கள் பெற்ற குணம் பறிக்கப்படவில்லை. திரும்பி வந்தவரிடம், அவருடைய விசுவாசம் அவரை மீட்டது என்று சொல்லி எழுந்து போகச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணிடமும், எரிகோவின் பார்வையற்ற பர்த்திமேயுவிடமும் அவர் இதையே சொன்னதாக மாற்கு நற்செய்தி கூறும். இங்கு அந்தச் சொல் குணம் கிடைத்த நேரத்தில் வரவில்லை, நன்றி சொன்னபின் வருகிறது. தோல் சுகமானது பத்துப் பேருக்கு. கொடுத்தவரை அறிந்தது ஒருவர். விசுவாசத்தில் தொடங்கிய குணம் நன்றியில் நிறைவு பெறுகிறது என்பதே லூக்கா இதை இவ்வாறு அமைத்ததன் பொருள்.

புதிய ஏற்பாட்டில் நன்றியின் வேறு வடிவங்களும் உண்டு. காய்ச்சல் நீங்கிய பேதுருவின் மாமியார் எழுந்து பணிவிடை செய்தார். நோய்களிலிருந்து விடுபட்ட மகதலா மரியா முதலிய பெண்கள் தம் உடைமைகளால் இயேசுவின் கூட்டத்தைத் தாங்கினார்கள். ஆலயத்தின் அழகு வாயிலில் பிச்சை எடுத்த கால் ஊனமுற்றவர், பேதுருவிடம் வெள்ளியும் பொன்னும் இல்லாதபோதும் நலம் பெற்று, குதித்துக் கடவுளைப் புகழ்ந்துகொண்டு ஆலயத்துக்குள் போனார். சீடர்களுக்கு இயேசு கொடுத்த கட்டளையும் இவ்வகையினதே: இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்கவேண்டும்.

குணம் கிட்டாத நிலையையும் இந்நூல்கள் மறைக்கவில்லை. தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு பவுல் மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் சொல்கிறது. அவருடைய தோழர் துரோப்பிமு நோயுற்ற நிலையிலேயே மிலேத்துவில் விடப்பட்டார். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறும்படி தெசலோனிக்கருக்கு எழுதியவரும் இதே பவுல்தான். எனவே கிறிஸ்தவ மறைநூலில் நன்றி குணத்துக்குப் பிரதியுபகாரமாகச் சுருங்கிவிடவில்லை. குணம் கிடைக்காதவரும் அதற்கு உரியவராயினர்.

மறைசாட்சியரின் கல்லறைகள்

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவருக்கு ஆலயமோ பலிபீடமோ இல்லை. வீடுகளில் கூடி அப்பத்தின் மேலும் கிண்ணத்தின் மேலும் நன்றி மன்றாட்டுச் சொல்லி உண்பதே அவர்களுடைய மைய வழிபாடு. தொடக்கத் திருச்சபையின் திதாக்கே என்ற கையேடு அந்த மன்றாட்டுகளைத் தருகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் அந்த அப்பத்தைச் சாவை வெல்லும் மருந்தாகவே வருணித்தார். நன்றிவிருந்தும் நோய்தீர்ப்பும் ஒரே மேசையில் இணைந்தன. நோயுற்றோருக்கு மூப்பர்கள் எண்ணெய் பூசி வேண்டுவது யாக்கோபு திருமுகம் 5 ஆம் அதிகாரத்தின்படி தொடர்ந்தது.

அக்காலத்துக் கிரேக்க, உரோமைய உலகிலும் நோய் தீர்ந்தோர் காணிக்கை செலுத்தினர். மருத்துவத் தெய்வம் அஸ்கிலேபியுவின் கோயில்களில், குணமான உறுப்பின் சுடுமண் உருவைத் தொங்கவிடுவது பரவலான வழக்கம். கொரிந்து நகரில் இத்தகைய கைகளும் கால்களும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. யோவான் நற்செய்தி 5 ஆம் அதிகாரம் குறிப்பிடும் எருசலேமின் பெத்சதா குளத்தருகே, பிற்கால உரோமையர் ஆட்சியில் பொம்பேயா லூசிலியா என்ற பெண் செலுத்திய பளிங்குப் பாதம் ஒன்றும் அகப்பட்டுள்ளது.

நான்காம் நூற்றாண்டில் மறைசாட்சியரின் கல்லறைகள் திருத்தலங்களானபோது இந்த வழக்கம் கிறிஸ்தவ வடிவம் பெற்றது. சிரியாவின் சைரஸ் நகர ஆயர் தியோடரெட் ஐந்தாம் நூற்றாண்டில் அதை வருணித்துள்ளார். நலம் பெற்றோர் கண், கால், கை ஆகியவற்றின் உருவங்களைப் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் செய்து செலுத்தினர். பொருளின் மதிப்பைக் கருதாமல் கொடுப்பவரின் நிலையைப் பார்த்துச் சிறியவற்றையும் ஆண்டவர் ஏற்கிறார் என்பது அவர் தந்த விளக்கம். ஏழைக்குப் புறா போதும் என்ற லேவியர் விதியின் உணர்வே இதிலும் இருக்கிறது.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் வேறொரு காணிக்கையை வலியுறுத்தினார். புனித ஸ்தேவானின் திருப்பண்டம் அங்கு வந்தபின் நலமடைந்தோர், தமக்கு நேர்ந்ததை எழுதித் தரவேண்டும். அது மக்கள் முன் படிக்கப்படவேண்டும். இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ 70 எழுத்துச் சான்றுகள் சேர்ந்ததாக அவர் தம் கடவுளின் நகரம் நூலின் 22 ஆம் பகுதியில் குறிப்பிடுகிறார். நலம் பெற்றும் அதை வெளியில் சொல்லாத கார்த்தேஜ் நகரப் பெண்ணொருவரை அவர் கடிந்துகொண்டதும் அங்கேயே பதிவாகியுள்ளது. பிற்காலச் சாட்சி சொல்லும் வழக்கத்துக்கு இது முன்னோடி.

இலவசமாகக் குணமளிக்கும் கட்டளையும் மறக்கப்படவில்லை. சிரியப் பகுதியில் மருத்துவம் செய்து மறைசாட்சிகளானதாகக் கருதப்படும் கொஸ்மாஸ், தமியான் இருவரும் காசு வாங்காத மருத்துவர்கள் என்ற பட்டத்தாலேயே கீழைத் திருச்சபையில் போற்றப்படுகின்றனர். கப்பதோக்கியாவின் செசரியா நகருக்கு வெளியே ஆயர் பசிலியார் கி.பி. 370-ஐ ஒட்டி ஏழைகளுக்கும் நோயாளருக்கும் பெரிய இல்லம் ஒன்று அமைத்தார். தொழுநோயாளரை அவர் தாமே அணைத்து முத்தமிட்டதை அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரியார் இரங்கலுரையில் நினைவுகூர்ந்தார். கடவுளிடம் பெற்றதற்கு நன்றியாக நோயாளரைப் பேணுவது என்ற எண்ணம் இங்கு நிறுவன வடிவம் பெற்றது.

மெழுகும் பலகையும்

இடைக்கால ஐரோப்பாவில் நேர்ச்சையின் முதன்மைப் பொருள் மெழுகு. நோயாளியின் உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலைத் திரியாக வைத்து மெழுகுவர்த்தி வார்த்து ஏற்றுவது இங்கிலாந்தில் பெருவழக்கு. 1170-இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் காண்டர்பரிக் கல்லறையில், இரண்டு துறவியர் தொகுத்த குணமளிப்புகள் 700-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பல பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. எக்ஸிட்டர் பேராலயத்தில் 1942-இல் குண்டு விழுந்தபின் பழுதுபார்த்தபோது, ஆயர் எட்மண்ட் லேசியின் கல்லறைக்கு மேலிருந்த கல்திரையில் மெழுகுக் கைகளும் கால்களும் குதிரையின் உறுப்புகளும் ஒரு பெண்ணுருவமும் கிடைத்தன. உழவரின் கால்நடை பிழைத்ததும் நன்றிக்குரியதாக இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. புளோரன்ஸ் நகரின் மங்கள வார்த்தை அன்னை ஆலயத்திலோ செல்வர்கள் தம் முழு உருவத்தையே மெழுகில் வார்த்து வைத்தனர். 1478-இல் கொலை முயற்சியிலிருந்து தப்பிய லொரென்சோ தெ மெதிச்சியின் உருவமும் அவ்வாறு வைக்கப்பட்டது.

தொழுநோயாளரின் நிலையிலும் இக்காலத்தில் மாற்றம் வந்தது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், கூட்டாக வாழும் தொழுநோயாளருக்குத் தனி ஆலயமும் கல்லறைத் தோட்டமும் குருவும் இருக்கலாம் என ஆணையிட்டது. ஊரிலிருந்து விலக்கப்பட்டவர் வழிபாட்டிலிருந்தும் விலக்கப்படலாகாது என்பது அதன் நோக்கம்.

நேர்ச்சை பெருகியபோது, அது கடவுளோடு செய்யும் பேரமாகிவிட்டது என்ற கண்டனமும் எழுந்தது. மார்ட்டின் லூதர் 1521-இல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது பத்துத் தொழுநோயாளர் பகுதிக்கு விளக்கவுரை எழுதினார். குருவிடம் கட்டாயப் பாவசங்கீர்த்தனத்துக்கு அப்பகுதியை ஆதாரம் காட்டியவர்களை மறுப்பது அதன் உடனடி நோக்கம். தகுதி எதுவும் காட்டாமல் இயேசுவின் நன்மையை நம்பி வந்ததே விசுவாசம், நன்றி அதிலிருந்து தானே பிறக்கும் என்பது அவருடைய வாதம். 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை நூல் மனிதரின் துன்பம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகளாக அமைந்தது. கட்டளைகளும் ஜெபமும் அதில் நன்றியின் கீழ் வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் கத்தோலிக்கரின் திரிதெந்தின் பொதுச்சங்கம் புனிதர் வணக்கத்தை நிலைநிறுத்தியபோதும், அதில் புகுந்த மூடநம்பிக்கையையும் பணப்பேராசையையும் களையப் பணித்தது. எதிரெதிர் அணிகள் இரண்டுமே கேகசியின் தவற்றைத் தங்கள் காலத்தில் அடையாளம் கண்டன.

சீர்திருத்தச் சபைகளில் மெழுகின் இடத்தைப் பாட்டு பிடித்தது. லூத்தரன் சபைகளின் ஆண்டு வாசகத்தில் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 14 ஆம் ஞாயிறு பத்துத் தொழுநோயாளருக்கு உரியது. அந்த ஞாயிறுக்கென்று லைப்சிக் நகரில் யோகான் செபஸ்தியான் பாக் 1723, 1724, 1726 ஆகிய ஆண்டுகளில் மூன்று வழிபாட்டு இசைப்படைப்புகளை அமைத்தார்.

கத்தோலிக்க நாடுகளில் 15 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஓவியப் பலகை பரவியது. படுக்கையில் நோயாளி, சுற்றிலும் குடும்பம், மேலே மேகத்தில் அன்னை மரியா, கீழே பெற்ற அருளைக் குறிக்கும் சில எழுத்துகள் என்பது அதன் அமைப்பு. மெக்சிகோவில் 19 ஆம் நூற்றாண்டில் தகரத்தகட்டில் வரைந்த இத்தகைய படங்கள் எளியோர் வீடுவரை சென்றன. அகுஸ்தீனாருக்கு எழுதித் தரப்பட்ட சான்று இங்கு எழுத்தறியாதவரும் படிக்கும் வடிவம் பெற்றது.

1858-இல் பெர்னதெத் சூபிருவுக்கு அன்னை காட்சி தந்ததாக நம்பப்படும் பிரான்சின் லூர்து நகரில், மீண்டவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களும் நன்றி பொறித்த பளிங்குக் கற்களும் குவிந்தன. 1883-இல் அங்கு நிறுவப்பட்ட மருத்துவப் பணியகம், குணமடைந்ததாகச் சொல்வோரை மருத்துவர்களைக் கொண்டு சோதிக்கிறது. நலம் பெற்றவர் திரும்பி வந்து, நோயும் அதன் நீக்கமும் ஆவணங்களால் நிறுவப்பட்டு, குணம் நிலைத்திருப்பதும் உறுதியானபின்பே திருச்சபை அதை ஆராயும். 2018-இல் அறிவிக்கப்பட்டது 70 ஆவது அற்புதக் குணம். தொழுநோய் தீர்ந்தவரைச் சோதித்த பழைய குருவின் பணி இங்கு மருத்துவரின் கைக்கு மாறியது.

தமிழ் மண்ணில்

தமிழகத்தில் குணமும் விசுவாசமும் நன்றியும் ஒன்றிணைந்த துயர வரலாறு ஒன்று 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தார். இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, தமிழ் மக்களின் அருளானந்தர், தம் உபதேசியாரை அவரிடம் அனுப்பினார். உபதேசியாரின் மன்றாட்டுக்குப்பின் நலம் பெற்ற தடியத்தேவர் 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்று, மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். சேதுபதி கொண்ட சினத்தின் விளைவாக அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் அவ்வூர் மணலை மக்கள் நோய்தீர்க்கும் பொருளாக இன்றும் எடுத்துச் செல்கின்றனர்.

வேளாங்கண்ணியின் மரபுக் கதைகளிலும் நலமும் நன்றியும் பிணைந்துள்ளன. மோர் விற்ற ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடந்தது ஒன்று. புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து, கூரைக் கோயிலைக் கட்டடமாக மாற்றிக் கட்டியது மற்றொன்று. மறுபயணத்தில் அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் பீடத்தை அணிசெய்கின்றன. நோயுற்றோரும் கடலில் சிக்கியோரும் நன்றி செலுத்தும் 107 ஆம் திருப்பாடலின் வரிசை சோழமண்டலக் கரையில் மீண்டும் அமைந்தது. இத்தலம் 1962-இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது.

அங்கு நேர்ச்சைகள் பல வகை. வெள்ளியிலும் பொன்னிலும் கண், கை, கால், இதயம், தொட்டில், வீடு ஆகியவற்றின் உருக்கள் செலுத்தப்படுகின்றன. மொட்டையடித்தல், மெழுகுவர்த்தி ஏற்றுதல், மணற்பாதையில் முழந்தாளிட்டு நகர்ந்து மாதாகுளம் செல்லுதல், தென்னங்கன்று தருதல் ஆகியனவும் உண்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பல ஊர்களிலிருந்து காவியுடையில் நடந்தே வருவோரில் இந்துக்களும் ஏராளம். பெற்ற நன்மைகளைக் கூறும் கடிதங்களும் காணிக்கைப் பொருட்களும் அங்குத் தனிக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தியோடரெட் சிரியாவில் கண்ட உருக்களும் அகுஸ்தீனார் ஹிப்போவில் கேட்ட எழுத்துச் சான்றுகளும் ஒருசேர இங்கே உள்ளன.

சீர்திருத்தச் சபைகளில் உருக்காணிக்கை இல்லை. அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறியவரும் பிரசவம் நலமாக முடிந்த குடும்பத்தாரும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க, ஆராதனையில் அவர்களுக்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கப்படும். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டார ஊர்களில் அசனப் பண்டிகையன்று சபையார் அனைவரும் சாதி வேற்றுமை பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். பலர் தம் பொருத்தனையை ஆடாகவும் அரிசியாகவும் அதற்குக் கொடுப்பர். லேவியர் காலத்து நன்றிப்பலியின் விருந்துக்கு மிக நெருங்கிய வடிவம் இது. பெந்தெகொஸ்தே சபைகளில் காணிக்கையைவிடச் சாட்சியே முதன்மை பெறுகிறது.

நன்றி தொண்டாக

பத்துத் தொழுநோயாளர் பகுதி இன்னொரு விளைவையும் தந்தது. 19 ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் அதைப் படித்தது தொழுநோயாளர் நடுவில். வட இந்தியாவின் அம்பாலாவில் அவர்களைக் கண்டு மனம் உருகிய ஐரிஷ்காரர் வெல்லஸ்லி பெய்லி 1874-இல் தொழுநோய் மிஷனைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் நார்வே மருத்துவர் அர்மாவர் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்திருந்தார். நோய் சாபமன்று, கிருமியால் வருவது என்பது தெளிவானதும் தீட்டுக்கும் நோய்க்கும் இடையிலிருந்த பழைய முடிச்சு அவிழத் தொடங்கியது.

ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சரியானபின்னும் ஊர் அவர்களை ஏற்கவில்லை என்பதைக் கண்டு, தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கும் புதுவாழ்வு மையத்தை அங்கு உருவாக்கினார். காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-இல் நிறுவப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தபின் நோய் முழுமையாகக் குணமாகக் கூடியதாயிற்று.

லேவியர் நூலின் எட்டாம் நாள் சடங்கு நாடியதும் புதுவாழ்வு மையம் நாடியதும் ஒன்றே: உடல் தேறியவர் மனிதர் நடுவில் தம் இடத்தைத் திரும்பப் பெறுவது. ஆட்டுக்குட்டி, அப்பம், மெழுகு, வெள்ளி, எழுத்து, பாட்டு, பந்தி, தொண்டு என்று நன்றியின் பொருள் காலந்தோறும் மாறிற்று. எலிசாவின் மறுப்பிலிருந்து திரிதெந்தின் ஆணைவரை, குணத்துக்கு விலை இல்லை என்ற விதி மாறவில்லை. அந்த விதி காக்கப்பட்ட இடங்களில் காணிக்கை ஏழையையும் அயலாரையும் உள்ளே அழைத்தது. அது மீறப்பட்ட இடங்களில் திருச்சபைக்குள்ளிருந்தே கண்டனம் எழுந்து வழக்கத்தைத் திருத்தியது. விசுவாசத்தையும் குணத்தையும் நன்றியையும் கிறிஸ்தவ மறைநூல் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவையாக வைத்திருப்பதே இத்தனை வடிவ மாற்றங்களுக்கு நடுவிலும் இந்த வழக்கம் நீடித்ததற்குக் காரணம்.